நடப்புக் கணக்கீடு

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
கெடிலம் பாலத்தடியில்
ஐந்தே முக்காலுக்குக் கூடுவோம்.
ஒன்பது பேர். சில மாதம் நான்கு.
முகூர்த்த நாளென்றால் நான் மட்டும்.

நோட்டு என்னிடம்.
மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவன்
எண்களைத் திருத்தமாக எழுதுவான் என்று
அவர்களாகவே முடிவுசெய்துவிட்டார்கள்.
எனக்குத் தெரிந்தவை மூன்று கட்டங்கள்:
முன் கணக்கீடு, நடப்புக் கணக்கீடு, வித்தியாசம்.
ஆற்றுக்கும் அதையே போட்டேன்.

மாசியில்
பதினேழாம் எண் புங்கையில் இலை இல்லை.
பங்குனியில், ‘பச்சை’ என்று எழுதினேன்.
அடியுங்கள் என்றார் அமலோற்பவம்,
மஞ்சக்குப்பத்தில் தையல்கடை வைத்திருப்பவர்.
“எந்தப் பச்சை?
கீழ்க்கிளை கிளிப்பச்சை, நுனியெல்லாம் தாமிரம்.
இப்படிச் சொல்லி ஒரு ஜாக்கெட்டுக்கு
நூல் வாங்கிவர முடியுமா உங்களால்?”
அன்றிலிருந்து நோட்டில் நாலாவது கட்டம்.

சித்திரையில் மணல்திட்டின் மேல்
ஆள்காட்டி கத்திக்கொண்டே சுற்றியது.
ஜியாவுதீன் மகள் நஸ்ரீன்
தூக்கிய காலை அப்படியே நிறுத்தினாள்.
கூழாங்கற்களுக்கு நடுவே
கூழாங்கல் அல்லாத நான்கு.
வந்த தடத்திலேயே பின்வாங்கினோம்,
எங்களை எங்களுக்கே காட்டிக்கொடுத்த
அந்தச் சத்தத்துக்குக் கீழே
தலை குனிந்து, வரிசையாக.

ஐஸ் கம்பெனி கலிவரதன்
எப்போதும் ஒரு விரலை நனைத்து
நாக்கில் வைப்பார்.
கடல் எதுவரை ஏறியிருக்கிறது என்பது
அவருடைய கட்டம்.
வைகாசியில் துப்பிவிட்டுச் சொன்னார்:
“எழுதிக்கோ. எட்டாம் கம்பம்.
போன மாசம் அஞ்சு.”

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம்.
பெருகவில்லை ஆறு.
குடத்தில் கொண்டுவந்து ஊற்றிய தண்ணீர்
ஒரு பாய் அளவுக்கு
மண்ணைக் கருக்கியிருந்தது.
அகல் ஓடு, மஞ்சள்கயிறு, வெல்லத்துக்கு எறும்பு.
வித்தியாசம்: பூஜ்யம் என்று எழுதினேன்.
நஸ்ரீன் எட்டிப் பார்த்தாள்.
“பூஜ்யம் வந்தா என்னன்னு அர்த்தம், மாமா?”
வீட்டில் ஆளில்லை,
இல்லையென்றால் மீட்டர் பழுது.
“ஆத்துக்கு எது?”

பதில் சொல்ல வாய் திறக்கும்போது
அவள் காலடி ஈரத்திலிருந்து
ஒரு தட்டான் எழுந்தது. பிறகு நாற்பது.
பூஜ்யத்தை அடித்தேன்.
ஓரத்தில் எழுதினேன்: மீட்டர் பழுது.
அதாவது நான்.

புரட்டாசி முடிய நாலு நாள் இருக்கையில்
தகைவிலான்கள் வந்துவிட்டன.
எனக்கு மரம் தெரியாது, கம்பி தெரியும்.
இரண்டு கம்பத்துக்கு நடுவே
நாற்பத்தாறு.
யாரும் திருத்தவில்லை.
கம்பியில் ஓடுவது இருநூற்று நாற்பது வோல்ட்.
மேலே உட்கார்ந்திருப்பதற்குள்
எவ்வளவு ஓடுகிறதோ,
எங்கிருந்து ஓடிவருகிறதோ.

கார்த்திகையில் நடை இல்லை.
ஆறுதான் நடந்தது,
புதுப்பாளையத்துச் சந்துகளில், முழங்கால் உயரத்துக்கு.
இரவு முழுக்கத் தெருத்தெருவாக
கரண்டை நிறுத்திக்கொண்டிருந்தேன்.
டார்ச் வெளிச்சத்தில்
ஒரு முழுப் பனைமரம்
அவசரமில்லாமல் பாலத்தைக் கடந்தது.
விடிந்து நோட்டை எடுத்தேன்.
பூட்டிய வீட்டுக்கு எழுதும் வார்த்தையைத்தான்
எழுதத் தெரிந்தது:
கதவு பூட்டு.
ஆனால் உள்ளே பாத்திரம் உருள்கிற,
யாரோ உரக்கப் பேசுகிற வீடு அது.

தை.
ஒன்பது பேரும் வந்திருந்தோம், முகூர்த்தம் இருந்தும்.
நாணல் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது.
கலிவரதன் விரலை நனைத்து
வெகுநேரம் யோசித்து
“ஒண்ணும் இல்ல, தண்ணி” என்றார், சிரித்தபடி.
கம்பியில் ஐம்பத்தொன்று.

பதினாறாம் மரம். அடுத்து பதினெட்டு.
நடுவில் ஒரு பள்ளம், அதில் கொஞ்சம் நீர்.
கயிற்றோடு கட்டியிருந்த தகர எண்ணை
அரைக்கல் கீழே, முள்ளில் சிக்கியதை
நஸ்ரீன் எடுத்துவந்தாள்.
முன் கணக்கீடு இருக்கிறது.
நடப்புக்கு என்ன எழுத?

அமலோற்பவம் தலையைச் சாய்த்து
மரம் இருந்த இடத்தின் வழியே
அக்கரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்,
நூல்கண்டு தேடுகிறவர் மாதிரி.
“நிறத்தை முதலில் போடுங்கள்” என்றார்.
“துவைத்த சாம்பல்.
ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.”